கோமாளியின் இறுதிச் சடங்கில் ஒரு சிரிப்பு

ஆண்டு விழாவிற்கு நாடகம் தேர்ந்தெடுக்கும் காலம் வந்ததும், தமிழ்ச் சங்கங்களில் ஒரு நிபந்தனை எழுவதுண்டு. "நாடகம் நகைச்சுவையாக இருக்கட்டும், சாவு, இழவு ஒன்றும் அதில் வேண்டாம்" என்பதே அந்நிபந்தனை. வாரமெல்லாம் உழைத்துவிட்டு, மனைவி மக்களுடன் வந்து இரண்டு மணி நேரம் மகிழ்ந்திருக்க விரும்பும் அன்பர்களின் இந்த ஆவலில் குறை காண்பதற்கில்லை. ஆயினும், சிரிப்பு ஓர் ஊர், துக்கம் வேறோர் ஊர், இரண்டிற்கும் இடையே வழியே கிடையாது என்ற எண்ணம் இந்நிபந்தனையினுள் மறைந்து நிற்கிறது. நாடகம் எழுதுவோரும் நடிப்போரும் இவ்வெண்ணத்தைச் சற்றுச் சோதித்துப் பார்ப்பது நலம்.

அச்சோதனைக்கு உதவும் ஒரு தொலைக்காட்சி நாடகத்தை இம்மாதம் நேயர்களுக்கு அறிமுகம் செய்கிறோம். அது 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் அமெரிக்காவில் ஒளிபரப்பாயிற்று. அரை மணி நேர நிகழ்ச்சி. விளம்பரங்களை நீக்கினால் ஏறத்தாழ 25 நிமிடமே ஓடும். அலுவலகத்தில் நடக்கும் நகைச்சுவைக் கதை அது. ஆனால் அதன் நடுப்பொருள் ஒரு மரணம். அதை ஆக்கியோர் எதை ஏற்றனர், எதை விலக்கினர், எதைக் காட்டாமல் ஒளித்து வைத்தனர் என்பதை அறிவது, நாடகக் கலையில் ஈடுபாடு உடையோர்க்கு மட்டுமன்றி, ஊரை விட்டு வந்து வாழும் நம் குடும்பங்கள் எல்லாவற்றிற்கும் பயன் தரும் என்று நம்புகிறோம்.

'மேரி டைலர் மூர் ஷோ' என்பது அத்தொடரின் பெயர். ஜேம்ஸ் எல். ப்ரூக்ஸ், ஆலன் பர்ன்ஸ் என்னும் இருவர் அதைப் படைத்தனர். நடிகை மேரி டைலர் மூரும் அப்போது அவர் கணவராயிருந்த கிராண்ட் டிங்கரும் 1969-இல் நிறுவிய நிறுவனம் அதைத் தயாரித்தது. 1970 முதல் 1977 வரை சி.பி.எஸ். நிலையத்தார் வழியாக 168 பகுதிகள் வெளிவந்தன. மினியாபொலிஸ் நகரத்துச் சிறு தொலைக்காட்சி நிலையம் ஒன்றின் செய்திப் பிரிவே கதைக்களம். பொறுப்பும் கண்ணியமும் மிக்க மேரி, கரடுமுரடான பேச்சும் கனிந்த நெஞ்சும் உடைய தலைவர் லூ கிராண்ட், கேலியே மூச்சாகக் கொண்ட செய்தி எழுத்தாளர் மர்ரி, தன் குரலின் கம்பீரத்தில் தானே மயங்கிக் கிடக்கும் செய்தி வாசிப்பாளர் டெட் ஆகியோர் அந்த அலுவலகத்தினர்.

இத்தகைய அலுவலகக் கதைகளுக்கு ஒரு தனிச் சுவை உண்டு. உறவினரைப் பிறப்பு நமக்குத் தருகிறது. நண்பரை நாமே தேர்ந்து கொள்கிறோம். அலுவலகத்தில் அடுத்த மேசைக்காரரையோ இரு வழியிலும் பெறுவதில்லை. எனினும், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை அவரோடுதான் கழிக்கிறோம். இவ்விந்தையான உறவே அவ்வகை நகைச்சுவைக்கு ஊற்று.

இனிக் கதைக்கு வருவோம். நகரில் ஒரு சர்க்கஸ் ஊர்வலம் நடக்கவிருக்கிறது. அதற்குத் தலைமை தாங்கிச் செல்லுமாறு டெட்டை அழைக்கின்றனர். அவன் பூரித்துப் போகிறான். செய்தி வாசிப்பவன் சர்க்கஸில் வலம் வருவது நிலையத்தின் மதிப்பிற்கு ஒவ்வாது என்று லூ கிராண்ட் தடுத்து விடுகிறார். அவனுக்குப் பதிலாக, அதே நிலையத்தின் குழந்தைகள் நிகழ்ச்சியில் கோமாளியாக வரும் சக்கிள்ஸ் செல்கிறான். அன்று அவன் பூண்ட வேடம் வேர்க்கடலை. ஊர்வலத்தில் வந்த யானை ஒன்று அவனை மெய்யாகவே கடலையென்று எண்ணி, தோலை உரிக்க முனைந்தது. கோமாளி மாண்டான்.

துக்கச் செய்தியைக் கேட்டவர்கள் திகைக்கின்றனர். அடுத்த நாள் முதல் கேலி தொடங்குகிறது. யானை, கடலை என்ற இரு சொற்களை வைத்துக்கொண்டு மர்ரி விடாமல் நகையாடுகிறான். கிராண்டும் சிரிப்பை அடக்க மாட்டாமல் தவிக்கிறார். மேரி ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. "ஒரு மனிதன் இறந்திருக்கிறான், உங்களுக்கு இரக்கமில்லையா?" என்ற பாவனையில் எல்லோரையும் கடிந்து கொள்கிறாள். இறுதிச் சடங்கு நடக்கிறது. கேலி பேசியோர் அனைவரும் தலை கவிழ்ந்து அமைதியாக அமர்ந்திருக்கின்றனர். பாதிரியார் பேசத் தொடங்குகிறார். அப்போது, அந்தப் புனிதமான அமைதியின் நடுவில், மேரிக்குச் சிரிப்பு வந்து விடுகிறது.

'சக்கிள்ஸ் மண்ணைக் கவ்வினான்' என்பது இந்தப் பகுதியின் பெயருக்கு நேரான தமிழ். நம் மொழியில் மண்ணைக் கவ்வுதல் தோல்வியைக் குறிக்கும். ஆங்கிலத்தில் அது சாவையும் குறிக்கும். இதை எழுதியவர் டேவிட் லாயிட்.

எழுத்து வடிவம் கைக்கு வந்தபோதே முதல் சோதனை நேர்ந்தது. அத்தொடரின் பெரும்பான்மையான பகுதிகளை இயக்கியவர் ஜே ஸாண்ட்ரிச். தொலைக்காட்சி நகைச்சுவையில் கைதேர்ந்தவர். மரணம் சிரிப்பிற்குரிய பொருள் அன்று என்று கருதி, இந்தப் பகுதியை இயக்க அவர் இசையவில்லை. நம் சங்கத்து அன்பர்கள் விதிக்கும் அதே நிபந்தனையை ஹாலிவுட்டிலும் ஒருவர் விதித்தார் என்பது கவனிக்கத்தக்கது. பொறுப்பு ஜோன் டார்லிங் என்னும் பெண்மணியிடம் சென்றது. தொலைக்காட்சி இயக்கத்தில் பெண்கள் மிக அரிதாயிருந்த காலம் அது. அவர் துணிந்து ஏற்றார். ஸாண்ட்ரிச்சின் தயக்கம் அர்த்தமற்றது என்று நாம் தள்ளிவிடக் கூடாது. கை சற்றே தவறினாலும் இக்கதை அருவருப்பாக முடிந்திருக்கும். அவ்வாறு முடியாமல் காத்தவை, எழுத்திலும் இயக்கத்திலும் காணப்படும் சில தெளிவான தீர்மானங்களே.

இறப்பவன் யார் என்பது முதல் தீர்மானம். நேயர்கள் வாரந்தோறும் கண்டு அன்பு செலுத்திய மர்ரியோ லூ கிராண்டோ இறந்திருந்தால், சிரிக்க எவர்க்கும் மனம் வந்திராது. முற்றிலும் முகமறியாத ஒருவன் இறந்திருந்தால், அழுவதற்குக் காரணம் இருந்திராது. சக்கிள்ஸ் இரண்டிற்கும் நடுவில் நிற்பவன். தொடரில் அவன் பெயர் அடிக்கடி அடிபடும். அவனோ அபூர்வமாகவே திரையில் தோன்றியவன். ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தும், தாழ்வாரத்தில் எதிர்ப்படும்போது புன்னகைப்பதோடு நின்றுவிடும் சக ஊழியர் நமக்கும் உண்டல்லவா? அத்தகையவன் அவன்.

எதைக் காட்டுவது என்பது இரண்டாவது தீர்மானம். ஊர்வலம் திரையில் இல்லை. யானை இல்லை. கோமாளியின் சடலமும் இல்லை. செய்தி ஒலிபரப்பாகிக் கொண்டிருக்கும் வேளையில் லூ கிராண்ட் உள்ளே நுழைந்து நடந்ததைச் சொல்கிறார், அவ்வளவே. ஒரு மனிதன் மிதிபட்டுச் சாவதைக் கண்ணால் கண்ட பின் எந்த வேடிக்கைச் சொல்லும் எடுபடாது. காதால் கேட்டால் நிலைமை வேறு. கேட்பவர் மனத்தில் முதலில் எழுவது வேர்க்கடலை உடையணிந்த மனிதனும் அவனைத் துரத்தும் யானையும் அடங்கிய விசித்திரமான சித்திரம். துக்கம் அதற்குப் பின்னரே வருகிறது. பழைய கூத்துக்களில் கட்டியக்காரன் வந்து, நடந்த போரைச் சொல்லிவிட்டுப் போவதில்லையா? அதே உபாயம்தான் இது. அதனோடு ஒரு நுட்பமும் சேர்ந்திருக்கிறது. ஊர்வலத்தில் சென்றிருக்க வேண்டியவன் டெட். கிராண்டின் ஒரு சொல் டெட்டைக் காத்தது. அதே சொல் சக்கிள்ஸை அனுப்பி வைத்தது. இதை எவரும் நாடகத்தில் பெரிதாக விரித்துரைப்பதில்லை. ஆனால் சிரிப்பின் அடியில் ஒரு குளிர்ந்த அச்சம் ஓடிக்கொண்டே இருப்பதற்கு அதுவே காரணம்.

யார் எப்போது சிரிப்பது என்பது மூன்றாவது தீர்மானம்; நாடகத்தின் உயிர்நிலையும் இதுவே. அத்தொடர் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள படப்பிடிப்புக் கூடத்தில், மூன்று காமிராக்களை ஒரே சமயத்தில் ஓடவிட்டு, நேரில் வந்து அமர்ந்த பார்வையாளர் முன்னிலையில் நடித்துப் பதிவு செய்யப்பட்டது. ஆகவே நம் மேடை நாடகங்களைப் போலவே, கூட்டத்தாரின் சிரிப்பும் ஒரு பாத்திரமாக அதில் பங்கு கொள்கிறது. மர்ரி கேலி பேசும்போது பார்வையாளர் சிரிக்கின்றனர். உடனே மேரி கடிந்து கொள்கிறாள். அக்கண்டனம் மர்ரியை மட்டுமன்றி, சிரித்த பார்வையாளரையும் தைக்கிறது. "நாமும் ஒரு சாவைக் கண்டு சிரித்துவிட்டோமே" என்ற உறுத்தல் கூட்டத்தில் பரவுகிறது. எனவே, பின்னர் இறுதிச் சடங்கில் மேரியே சிரிக்கும்போது கூட்டத்தார் அடையும் ஆறுதலுக்கு எல்லையில்லை. இவ்வளவு கண்ணியமானவளுக்கே அடக்க முடியவில்லையென்றால், நம்மைக் குற்றம் சொல்ல யார் இருக்கிறார்கள்!

மர்ரியைச் சடங்கிலும் சிரிக்க வைத்திருந்தால் அது வெறும் குறும்பாய்ப் போயிருக்கும். டெட் சிரித்திருந்தால் அவன் அசட்டுத்தனத்தோடு சேர்ந்திருக்கும். சிரிக்கக் கூடாது என்று பிறர்க்குப் போதித்தவள் சிரித்ததனால்தான், அச்சிரிப்பு மனித இயல்பின் ஆழத்திலிருந்து வந்ததென்று நாம் நம்புகிறோம்.

பாதிரியாரை எவ்வாறு நடத்துவது என்பது நான்காவது தீர்மானம். அவரைக் கோணங்கியாக்கி விடுவது மிக எளிது. ஆக்கியோர் அதைச் செய்யவில்லை. அவர் பரிவோடும் பக்தியோடும் பேசுகிறார். சக்கிள்ஸ் குழந்தைகளுக்காக ஏற்ற வேடங்களை ஒவ்வொன்றாக நினைவு கூர்கிறார். வேர்க்கடலை, வாழைப்பழம் என்று அந்த வேடங்களின் பெயர்களே சிரிப்பூட்டுபவை. ஒவ்வொரு முறை விழும்போதும் எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு, மழலை போன்ற ஒரு பிதற்றலைச் சொல்லும் பாத்திரம் ஒன்று உண்டு. அந்தப் பிதற்றலையும் வேத வாக்கியம்போல் உச்சரித்து, அதில் வாழ்க்கைக்கு ஒரு படிப்பினையைக் காண்கிறார் பாதிரியார். அவர் கருத்தில் பொய்யில்லை. விழுந்தவர் எழவேண்டும் என்பது நல்ல உபதேசமே. அவர் குரல் எவ்வளவுக்குக் கனிகிறதோ, அவ்வளவுக்கு மேரியின் நிலைமை ஆபத்தாகிறது. இருமுகிறாள்; வாயைப் பொத்துகிறாள்; குனிந்து கொள்கிறாள். சுற்றியிருக்கும் மர்ரியும் கிராண்டும் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்கின்றனர். இங்கே எழுத்தாளர் புதிய வேடிக்கைச் சொல் ஒன்றையும் சேர்க்கவில்லை. முன் காட்சிகளில் மர்ரி விதைத்த கேலியெல்லாம் இப்போது மேரியின் நெஞ்சில் முளைக்கின்றன. பாதிரியாரின் பிரசங்கம் அவற்றிற்கு நீராகிறது.

எங்கே நிறுத்துவது என்பது கடைசித் தீர்மானம். சிரிப்பை இனி மறைக்க முடியாது என்ற நிலையில் பாதிரியார் மேரியைக் கவனித்து விடுகிறார். அவளை எழுந்து நிற்கச் சொல்கிறார். கண்டிப்பார் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அவரோ, பிறரைச் சிரிக்க வைப்பதற்காகவே சக்கிள்ஸ் வாழ்ந்தான், கண்ணீரை அவன் விரும்பியவனல்லன், ஆகவே தயங்காமல் சிரிக்கலாம் என்று அனுமதி தருகிறார். அனுமதி கிடைத்த அக்கணமே மேரி தேம்பித் தேம்பி அழத் தொடங்குகிறாள்.

அக்காட்சியில் மேரி டைலர் மூர் காட்டிய நடிப்பை இன்றும் நடிப்புக் கலைக்கு உதாரணமாக எடுத்துக் காட்டுவோர் உளர். முதலில் சிரித்துப் பிறகு அழுதாள் என்று சொல்வது போதாது. அடக்க அடக்கப் பீறிட்ட ஒன்று சிரிப்பாக வெளிப்பட்டது. அடக்க வேண்டியதில்லை என்றானதும் அது தன் மெய்யுருவைக் காட்டியது. நாம் அதுவரை சிரிப்பென்று எண்ணியது துக்கமேயாகும். இந்தப் பகுதிக்காக டேவிட் லாயிட் 1976-இல் எம்மி விருது பெற்றார். ஜோன் டார்லிங்கின் பெயர் இயக்கத்திற்கான விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 1997-இல் அமெரிக்காவின் 'டி.வி. கைடு' பத்திரிகை, தொலைக்காட்சி வரலாற்றின் சிறந்த 100 பகுதிகளை வரிசைப்படுத்தியபோது இதற்கே முதலிடம் தந்தது.

அதே 1975-இல், அதே சி.பி.எஸ். நிலையத்தார், இதற்கு நேர்மாறான வேறொரு முறையையும் நேயர்களுக்குக் காட்டியிருந்தனர். கொரியப் போரின்போது இயங்கிய இராணுவ மருத்துவ முகாமைக் களமாகக் கொண்ட 'மாஷ்' என்னும் நகைச்சுவைத் தொடரில், மார்ச் 18-ஆம் நாள் ஒளிபரப்பான பகுதி அது. எல்லோரும் நேசித்த தளபதி ஹென்றி பிளேக் விடுதலை பெற்று வீட்டிற்குப் புறப்படுகிறார். பகுதி முழுவதும் பிரிவுபசாரமும் வேடிக்கையும் நிறைந்திருக்கின்றன. இறுதியில், அவர் சென்ற விமானம் சுட்டு வீழ்த்தப்பட்ட செய்தி அறுவை மருத்துவக் கூடத்திற்கு வருகிறது. எழுத்து வடிவின் அக்கடைசிப் பக்கத்தை லாரி கெல்பார்ட் நடிகர்களிடமிருந்து மறைத்து வைத்திருந்து, படம் பிடிக்கும் வேளையில்தான் வெளியிட்டார். அங்கே மரணம் வந்து சிரிப்பைத் துண்டித்து விடுகிறது. போரில் சாவு அவ்வாறுதான் வரும் என்பது அவர்கள் கூற விரும்பிய உண்மை. சக்கிள்ஸின் கதையிலோ மரணம் தொடக்கத்திலேயே வந்து உட்கார்ந்து கொள்கிறது. அதனோடு எப்படி வாழ்வது என்று அலுவலகத்தார் தடுமாறுகின்றனர். இரண்டிலும் எழுதியவர்களுக்குச் சாவின் மீது மரியாதை இருந்தது. அம்மரியாதைதான் இரு நாடகங்களையும் காப்பாற்றியது.

நம் முன்னோர்க்கு இவ்வுறவு புதிதன்று. தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை எண்ணும்போது முதலில் வைப்பது நகை. அதற்கு அடுத்தபடியாக வைப்பது அழுகை. நகைக்கு நிலைக்களனாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கையும், அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கையும் அது கூறுகிறது. மர்ரியின் சிரிப்பை எள்ளலில் அடக்கலாம். டெட்டின் செயல்களால் எழும் சிரிப்பைப் பேதைமையில் அடக்கலாம். மேரியின் சிரிப்போ நகையின் வீட்டில் தங்கியிருந்த இழவு. அடுத்தடுத்து வைக்கப்பட்ட இரண்டு மெய்ப்பாடுகளுக்கும் இடையே சுவர் மிக மெல்லியது என்பதை இந்த அமெரிக்க நாடகம் நமக்கு நினைவூட்டுகிறது.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இதில் ஒரு தனி அர்த்தமும் உண்டு. ஊரில் ஒருவர் காலமானால், முன்னாளில் தந்தி வந்தது. தந்திச் சேவை 2013-ஆம் ஆண்டு ஜூலையில் நிறுத்தப்பட்டு விட்டது. இப்போது கைப்பேசி வழியாகச் செய்தி வருகிறது. எந்த வழியாக வந்தாலும், அச்செய்தி நம்மைப் பெரும்பாலும் அலுவலகத்தில்தான் வந்து அடைகிறது. அழுவதற்கு உரிய இடம் அதுவன்று. விடுப்பு விண்ணப்பம் எழுத வேண்டும். இரயிலுக்கோ விமானத்திற்கோ இடம் தேட வேண்டும். அரைகுறையாக நிற்கும் வேலையைப் பிறரிடம் ஒப்படைக்க வேண்டும். போய்ச் சேரும்போது பல சமயம் காரியம் முடிந்திருக்கும். முகத்தைக்கூடக் காணாத அந்தத் துக்கம் உரிய நேரத்தில் வெளிவராமல் உள்ளேயே தங்கி விடுகிறது. பதினாறாம் நாள் உறவினர் கூடியிருக்கையில், இறந்த பெரியவர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடிய கதையை யாரோ சொல்வார்கள். வெளியூரிலிருந்து வந்த பிள்ளைக்கு அடக்க முடியாத சிரிப்பு வரும். "தூர தேசத்தில் இருந்து இருந்து பாசமே விட்டுப் போயிற்று" என்று ஓர் அத்தை முணுமுணுப்பார். அந்த அத்தைக்கு மேரியின் கதையைச் சொல்ல வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். உறவினர் இறந்தால் என்ன செய்வது என்பதை வழக்கம் நமக்குக் கற்பிக்கிறது: யார் தோள் கொடுப்பது, யார் பால் தெளிப்பது, எத்தனை நாள் தீட்டு என்பதெல்லாம் வகுக்கப்பட்டுள்ளன. பத்தாண்டுகள் அடுத்த மேசையில் அமர்ந்திருந்த வேற்று மொழிக்காரர் ஒருவர் இறந்தால்? நாம் அவருக்கு என்ன முறை? அங்கே சடங்கு ஏதும் நம் கைக்கு உதவுவதில்லை. மர்ரி அந்த வெற்றிடத்தைக் கேலியால் நிரப்புகிறான். மேரி கண்டிப்பால் நிரப்புகிறாள். இருவரும் துக்கப்படத் தெரியாமல் தவிப்பவர்களே. இதை உணர்ந்தால், துக்க வேளையில் தகாத சொல் பேசிவிடும் சக ஊழியரிடம் நாம் சிறிது பொறுமை காட்ட முடியும்.

ஆகவே, சங்க மேடைக்கு நகைச்சுவை எழுத முனையும் இளைஞர்களுக்கு நாம் கூற விரும்புவது இது. சாவு வரும் நாடகத்தை அஞ்சி ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் இறந்தவரைக் கேலிப் பொருளாக்காதீர்கள். உயிரோடிருப்போரின் தடுமாற்றத்தைக் காட்டுங்கள். கோரத்தை மேடைக்கு வெளியே வையுங்கள். சிரிக்கவே கூடாத பாத்திரம் எதுவென்று கண்டறிந்து, சிரிப்பை அதனிடம் ஒப்படையுங்கள். கூட்டம் சிரித்து ஓய்வதற்கு முன்பே அழுகைக்கு வழி திறந்து விடுங்கள்.

விழாக் குழுவினர் அத்தகைய நாடகத்தைக் கண்டு தயங்கினால், ஸாண்ட்ரிச்சைப் போன்ற அனுபவசாலியும் தயங்கியிருக்கிறார் என்று பணிவுடன் எடுத்துச் சொல்லுங்கள். ஒத்திகை ஒன்றிற்கு அவர்களை அழைத்து, கடைசி வரிசையில் அமரச் செய்து, முழுவதையும் பார்த்தபின் முடிவு கூறுமாறு வேண்டிக் கொள்ளுங்கள்.